அம்மாவின் ஐசி நம்பர்

“பிடிஓ போடலாமா?”

சிங்கப்பூர்ப் பெண்களுக்குக் கிடைக்கும் திருமணக் கோரிக்கை இதுதான் என்று தோழிகள் கேலி செய்வார்கள். எனக்கும் அதுவே வந்தது. 2019ஆம் ஆண்டு, தெம்பனிஸ் காப்பிக் கடையில், பாதி சாப்பிட்ட புரோட்டாவுக்கு முன்னால். மோதிரமும் இல்லை, பூங்கொத்தும் இல்லை. “யோசிக்கிறேன்” என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

2011இல் தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியில் நாங்கள் ஒரே வகுப்பு. அவர் உட்லண்ட்ஸிலிருந்து 969 பேருந்தில் வருவார். மாலையில் தெம்பனிஸ் பேருந்து முனையம் வரை சென்று வழியனுப்புவேன். ஒரு பேருந்தை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறுவார். பிறகு அதையும் விட ஆரம்பித்தார். காதல் என்று இருவருமே வாய்திறந்து சொன்னதில்லை. (அப்போதெல்லாம் ‘டா’தான். ‘அவர்’ என்பது பத்திரிகைக்காக.)

படிப்பு முடிந்து அவர் தேசிய சேவைக்குப் போனார். 24 கிலோமீட்டர் நடந்து மரினா பே மிதக்கும் மேடைக்கு வந்து சேர்ந்த அன்று, அவருடைய பெற்றோருக்கு நான்கு வரிசை பின்னால் வெறும் ‘தோழி’யாக உட்கார்ந்து கைதட்டினேன்.

பிறகு வேலை, சேமிப்பு. கல்யாணப் பேச்சு வந்தால் மட்டும் நான் பேச்சை மாற்றிவிடுவேன். அதனால் ஒருமுறை ஒரு மாதம் பேசாமல்கூட இருந்தோம். காரணத்தை நான் சொன்னதேயில்லை. நான் உயர்நிலை நான்கில் படித்தபோது அப்பா காலமானார். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்து அம்மா என்னைப் படிக்க வைத்தார். அந்த மூவறை வீட்டில் அவரைத் தனியாக விட்டு உட்லண்ட்ஸுக்குப் போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மணமாகாத ஜோடிகளும் வீவக வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். சாவி வாங்கிய 3 மாதத்துக்குள் திருமணச் சான்றிதழைக் காட்ட வேண்டும் என்பது அப்போதைய விதி. வீடு முதலில், கல்யாணம் பிறகு என்ற இந்தக் கணக்கை வெளியூர் உறவினர்களுக்கு விளக்குவது பெரும்பாடு.

காப்பிக் கடைச் சந்திப்புக்கு இரண்டு நாள் கழித்து அவரிடமிருந்து குறுஞ்செய்தி: “உங்க அம்மா ஐசி நம்பர் வேணும்.”

பெற்றோர் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள் குடியிருக்க விரும்பும் பிள்ளைகளுக்குக் குலுக்கலில் முன்னுரிமை உண்டு. எந்தப் பெற்றோர் என்ற இடத்தில், அவர் என் அம்மாவை எழுதப் போகிறார். நான் சொல்லாததை அவர் எப்போதோ புரிந்துகொண்டிருக்கிறார். அலுவலகக் கழிவறையில் போய் அழுதுவிட்டு வந்தேன்.

இரவு அம்மாவிடம் மெல்லக் கேட்டேன். “எதுக்கு ஐசி நம்பர்?” என்றார். நான் விழித்தேன். “அந்த 969 பையனுக்கா?” என்றபடி பர்சைத் திறந்தார். எட்டு வருட ரகசியம் அவ்வளவுதான்.

விண்ணப்பக் கட்டணம் 10 வெள்ளி. ஆனால் உட்லண்ட்ஸில் புயல் அடித்தது. ஒரே மகன், வீட்டோடு மாப்பிள்ளையாகப் போகிறானா என்று அவருடைய அம்மா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். அவர் கோபம் எனக்கு நியாயமாகவே பட்டது. என் அம்மாவை நான் நினைத்த மாதிரிதானே அவரும் தம் மகனை நினைப்பார்?

குலுக்கல் முடிவுக்குக் காத்திருந்த ஒரு சனிக்கிழமை, கதவு தட்டப்பட்டது. அத்தை தனியாக நின்றார், கையில் மல்லிகைப்பூவும் ஒரு டப்பா முறுக்கும். மகனிடம்கூடச் சொல்லவில்லை. அம்மா பதறிப்போய் நாற்காலியைத் துடைத்தார். இருவரும் அடுப்படியில் வெகுநேரம் தாழ்ந்த குரலில் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று இருவரும் இதுவரை சொல்லவில்லை. வெளியே வந்தபோது அம்மாவின் கண்கள் சிவந்திருந்தன. அத்தை என் தலையில் பூவை வைத்துவிட்டார்.

“அடுத்த வாரம் நாலு பேரோட, தட்டோட முறையா வர்றோம்” என்றார்.

“அவ்ளோ தூரம் அலையணுமே உங்களுக்கு?” என்றார் அம்மா.

“969தானே? ஒரு மணி நேரம். உட்கார இடமும் கிடைச்சுது.”