குடல் முளை அகற்றிய பின் இரத்தம் போனால்...

இங்கிலாந்தில் குடும்ப வைத்தியரிடம் பதிவுசெய்துள்ள 50 முதல் 74 வயது வரையானோருக்கு, 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலப் பரிசோதனைப் பொதி தபாலில் வருகிறது. அதில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் காணப்பட்டால் கொலனோஸ்கோப்பிக்கு அழைப்பார்கள். மலவாசல் வழியாகக் கமெராக் குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை இது. பொலிப் எனப்படும் சிறு முளைகள் இருந்தால், பெரும்பாலும் அப்போதே கம்பிச் சுருக்கால் அறுத்து எடுத்துவிடுவார்கள். சில வகை முளைகள் காலப்போக்கில் புற்றுநோயாக மாறக்கூடியவை. ஆகவே இது எம்மைக் காக்கும் சிகிச்சை.

அன்றே வீடு திரும்பலாம். ஆனால் கவனம் அத்துடன் முடிவதில்லை.

ஏன் நாள் கடந்து இரத்தம் போகிறது?

பெரிய முளைகளை மின்சூட்டால் அறுக்கும்போது, அவ்விடத்தில் புண் உண்டாகிப் பொருக்குக் கட்டும். சில நாட்களின் பின் பொருக்கு உதிரும்போது அடியிலுள்ள இரத்தக்குழாய் திறபடலாம். அதனால் சுகமாக இருந்த ஒருவருக்கு 2 கிழமைகளுக்குள் திடீரென இரத்தம் போகக்கூடும். இது எல்லோருக்கும் நேர்வதல்ல. சிறு முளைகளை எடுத்தவர்களுக்கு மிக அரிது. 2 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட முளைகளை எடுத்தவர்களுக்கும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம்.

எம்மவர் பலர் இதனை "உடம்புச் சூடு" என்றோ "மூலவியாதி" என்றோ எண்ணி, மோரும் வெந்தயமும் குடித்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடுகிறார்கள். வெளியே சொல்ல வெட்கம் வேறு. இந்தத் தாமதமே ஆபத்தானது.

எப்போது பயப்பட வேண்டும்?

முதல் ஓரிரு நாட்கள் கடதாசியில் சிறிது இரத்தம் படுவது வழமை. இரத்தம் அதிகமாகவோ, கட்டி கட்டியாகவோ, திரும்பத் திரும்பவோ போனால் உடனே ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். தலைசுற்று, மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, கடும் வயிற்றுவலி ஆகியவை இருந்தால் 999 இலக்கத்தை அழையுங்கள். காய்ச்சல் வந்தாலும் தாமதிக்காமல் வைத்திய உதவியை நாடுங்கள். பீற்றூட் கறி மலத்தைச் சிவப்பாக்கும், இரும்புச்சத்து மாத்திரை கறுப்பாக்கும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள். சந்தேகமாக இருந்தால் 111 இல் ஆலோசனை கேட்கலாம்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்?

பெரும்பாலும் இரத்தம் தானாகவே நின்றுவிடும். அதுவரை படுக்கையில் வைத்துக் கவனிப்பார்கள். தேவையானால் சேலைன் ஏற்றுவார்கள், இரத்தமும் ஏற்றுவார்கள். நிற்காவிட்டால் மீண்டும் கமெராவைச் செலுத்தி, புண்வாயைச் சிறு உலோகக் கிளிப்பால் கவ்விவிடுவார்கள். அல்லது மருந்து ஊசி போட்டு, சூடுகொடுத்து அடைப்பார்கள். கிளிப் பின்னர் தானாகக் கழன்று மலத்துடன் போய்விடும். இடையில் எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் கிளிப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். வயிற்றை வெட்டி ஒப்பரேசன் செய்யவேண்டி வருவது மிக அரிது.

மருந்துகளில் கவனம்

வோபரின், குளோபிடோகிறல், அஸ்பிரின் முதலியன எடுப்பவர்கள் பரிசோதனைக்கு முன்பே சொல்லவேண்டும். எதை நிறுத்துவது, எப்போது மீண்டும் தொடங்குவது என்பதை வைத்தியரே தீர்மானிப்பார். நீங்களாக நிறுத்தினால் மாரடைப்போ பாரிசவாதமோ வரக்கூடும். வலிக்குப் பரசிற்றமோல் போதும்; கேளாமல் ஐபுபுறொபன் எடுக்க வேண்டாம். பெரிய முளை எடுத்தவர்கள் பாரம் தூக்குவதையும் விமானப் பயணத்தையும் 2 கிழமைகளுக்குத் தள்ளிப்போடுவது நல்லது.

மொழி தெரியாவிட்டால்

"ஐ ஹாட் எ பொலிப் றிமூவ்ட். நவ் ஐ ஆம் பிளீடிங்." இந்த இரு வசனங்களையும் பழகி வையுங்கள். ஆஸ்பத்திரி தந்த கடிதத்தையும் மருந்துகளையும் கையோடு கொண்டுசெல்லுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம். பிள்ளைகளைப் பேச வைக்காதீர்கள். அகதி விண்ணப்பம் முடிவாகவில்லையே, பணம் கேட்பார்களோ என்று தயங்கவும் வேண்டாம். அவசர சிகிச்சைப் பிரிவில் பார்ப்பதற்கு எவருக்கும் கட்டணம் இல்லை. தஞ்சம் கோரி முடிவுக்காகக் காத்திருப்போருக்கு, ஆஸ்பத்திரியில் தங்கிப் பெறும் சிகிச்சையும் இலவசமே.