செர்மாற்றுக்கு எந்த மாதம் போவது?

ஊரிலிருந்து அம்மாவோ அப்பாவோ மூன்று மாத விசாவில் வருகிறார் என்றால், எங்கள் வீடுகளில் முதலில் போடுகிற பட்டியல் கோயில்களும் சொந்தக்காரர் வீடுகளும்தான். அடுத்தது மலை. சுவிஸுக்கு வந்துவிட்டு மற்றர்ஹோர்ன் பார்க்காமல் போவதா என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். எந்த மாதம் போவது என்பதை மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

நாங்களும் கேட்கவில்லை. வைகாசியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு செர்மாற்றுக்குப் போனோம். சித்திரையில் நுவரெலியா சனத்தால் நிறைந்து கிடப்பதைக் கண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். வசந்தகாலம் என்றால் மலைக்குப் போகிற காலம் என்ற எண்ணம் மனதில் ஊறிவிட்டது. போய் இறங்கினால் பாதி விடுதிகளின் ஜன்னல்கள் பூட்டியிருந்தன. தெருவில் துளையிடும் இயந்திரச் சத்தம். திறந்திருந்த ஓர் உணவகத்தைத் தேடி அரை மணித்தியாலம் நடந்தோம். அம்மா மெதுவாகக் கேட்டார்: "ஏன் பிள்ளை, இங்கயும் ஊரடங்கே?"

ஊரடங்கு இல்லை. ஜெர்மன் மொழியில் சுவிஷன்சைசோன் என்பார்கள், இடைப்பருவம். இப்படியான மலை ஊர்களுக்கு ஆண்டில் நான்கு பருவங்கள் இல்லை. இரண்டு திறப்பு, இரண்டு பூட்டு. மார்கழியிலிருந்து ஈஸ்டர் வரை பனிச்சறுக்குக் காலம், ஆனி நடுவிலிருந்து ஐப்பசி நடுவரை நடைக் காலம். இடையில் வருகிற வாரங்களில்தான் திருத்த வேலைகள், தொழிலாளரின் விடுமுறை, தொங்கு வண்டிகளின் பராமரிப்பு எல்லாம். கணக்கு எழுதுகிறவர்களுக்கு இதில் புதுமை இல்லை. சூடாக்கும் செலவும் சம்பளமும் விருந்தாளி வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான். பத்து அறைக்கு ஆள் வந்தாலும் முழுச் சமையலறையும் இயங்கவேண்டும். அதைவிடப் பூட்டி வைப்பது இலாபம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் விடுதிகளில் கோப்பை கழுவிய எங்கள் ஆட்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. முன்வாசலால் போகத் தொடங்கிய பிறகு மறந்துவிட்டோம்.

செர்மாற் முழுவதுமாகப் பூட்டுகிற ஊர் அல்ல. 1898 இல் ஓடத் தொடங்கிய கோர்னர்கிராற் பற்சக்கர ரயில் ஆண்டு முழுவதும் ஓடுகிறது. ஆனால் வைகாசியில் மேலே உள்ள நடைபாதைகள் பனிக்குள் கிடக்கும். ஏறிப் பார்த்துவிட்டு இறங்கலாம், அவ்வளவுதான்.

வயதானவர்களைக் கூட்டிப் போக எங்கள் தெரிவு புரட்டாதி, அல்லது ஐப்பசியின் முதல் இரண்டு கிழமைகள். ஆடி, ஆவணியில் மத்தியானத்துக்குப் பிறகு இடி மின்னலுடன் மழை கொட்டுவது வழக்கம். புரட்டாதியில் வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். பாடசாலைகள் தொடங்கிவிடுவதால் கூட்டமும் குறைவு. கோர்னர்கிராற்றுக்கு ஒரு நிலையம் முன்னால் ரோட்டன்போடன் இருக்கிறது. அங்கே இறங்கிச் சில நிமிடம் நடந்தால் றிஃபெல்சே என்ற சிறு குளம். காற்று எழும்புவதற்கு முன், காலையிலேயே போனால் மலை தலைகீழாகத் தண்ணீரில் தெரியும். ஐப்பசியில் லார்ச் மரங்கள் பொன்னிறமாகிவிடும். ஊசியிலை மரமாக இருந்தும் இலை உதிர்க்கிற மரம் அது.

பிள்ளைகளின் விடுமுறை, கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிற உறவுகள் என்று பலருக்கு ஆடியும் ஆவணியும்தான் கிடைக்கும். அப்போது ரயில் கட்டணமும் உச்சத்தில் இருக்கும், ஏனென்றால் கோர்னர்கிராற் கட்டணமே பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. ஹால்ப்டாக்ஸ் அட்டை இருந்தால் அதிலும் பாதிதான். ஊருக்குள் கார் விட மாட்டார்கள். ஐந்து கிலோமீற்றர் முன்னால் டேஷில் நிறுத்திவிட்டு ரயிலேறவேண்டும். பேர்ண் பக்கம் இருப்பவர்கள் காரை வீட்டிலேயே விடலாம். 2007 இல் லோட்ச்பேர்க் அடிமட்டச் சுரங்கம் திறந்த பிறகு விஸ்புக்கு ஒரு மணித்தியாலம்கூட எடுப்பதில்லை, அங்கே செர்மாற் ரயிலுக்கு மாறலாம்.

உயரத்தைப் பற்றி ஒரு சொல். ஊர் சுமார் 1,600 மீற்றரில் இருக்கிறது. கோர்னர்கிராற் 3,089 மீற்றர், தொங்கு வண்டி போகிற சின்ன மற்றர்ஹோர்ன் 3,883 மீற்றர். அந்த உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. பிரஷர், இதய வருத்தம் உள்ளவர்களை வைத்தியரிடம் கேட்காமல் அங்கே ஏற்றக்கூடாது. "இவ்வளவு தூரம் வந்திட்டம், மேல போகாமலோ" என்ற எங்கள் சனத்தின் பிடிவாதம் இங்கே ஆபத்து. கோர்னர்கிராற்றே பலருக்குப் போதும். புறப்படுமுன் மேலே உள்ள கமராப் படங்களை இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். முகில் மூடியிருந்தால் காசு வீண்.

பனிக்காலத்தில் போகிறவர்கள் திரும்புகிற நாளை இறுக்கமாக வைக்கவேண்டாம். 2018 தை மாதம் கடும் பனியால் பாதையும் ரயிலும் தடைப்பட்டு, சுமார் 13,000 பயணிகள் செர்மாற்றில் சிக்கினார்கள். விமானச் சீட்டு மறுநாளுக்கு இருந்தவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். மாசியில் பாடசாலைகளின் பனி விடுமுறை வருவதால் அறை விலையும் ஏறிவிடும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. சுவிஸின் பனியாறுகள் 2022 இல் மட்டும் தங்கள் கனவளவில் 6 வீதத்தை இழந்தன. ஆண்டு முழுவதும் பனிச்சறுக்கு என்று பேர் எடுத்த செர்மாற்றில் அந்தக் கோடையில் சறுக்கலையே நிறுத்த வேண்டியிருந்தது. கோர்னர்கிராற்றில் நின்று பார்க்கிற பனியாறு, நாங்கள் முதலில் கண்டதைவிடச் சுருங்கித்தான் இருக்கிறது.

அம்மாவுக்கு இரண்டாம் முறை விசா எடுத்தபோது மாதத்தை முதலில் முடிவு செய்தோம். றிஃபெல்சேக் கரையில் மப்ளரும் கம்பளிச் சட்டையுமாக ஒரு மணித்தியாலம் இருந்தார். "அந்தமுறை பூட்டிக் கிடந்த ஊரே இது?" என்று மட்டும் கேட்டார். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். புரட்டாதிக்கு வரவேண்டும் என்றால் பங்குனியிலேயே கடிதங்களைத் தயார் செய்யுங்கள்.