மலைநாட்டு வீட்டில் மூலிகைக் குளியல் உருண்டை செய்தல்



நுவரெலியா, கந்தப்பளை, இராகலை முதலிய இடங்களில் லீக்ஸ், கரட், கோவா என்பவற்றைப் பயிரிடுவோரும், வலப்பனை, ஹங்குரன்கெத்த ஆகிய பகுதிகளில் நெல் விளைவிப்போரும் நாளின் பெரும்பகுதியை ஈரத்தில் நின்றே கழிக்கின்றனர். அட்டன் பகுதித் தோட்டங்களிற் கொழுந்து பறிப்போரின் நிலையும் இதுவே. மாலையில் வீடு திரும்பும்போது கால்கள் விறைத்திருக்கும், குதிகால் வெடித்திருக்கும், முழங்காலும் இடுப்பும் நோவெடுக்கும்.

இதற்கு மூலிகை இட்ட வெந்நீரை நாடுவது நம் மூத்தோர் வழக்கம். பிள்ளை பெற்ற தாய்மாருக்கு வேது கொடுக்கும் முறையும் இன்றுவரை நிலைத்துள்ளது. ஆனால், நாள்தோறும் இலை தேடி, அவித்து, வடித்தெடுக்க வேலை செய்து களைத்தவருக்கு நேரம் கிடைப்பதில்லை. உலர்ந்த மூலிகைத் தூளை நுரைக்கும் உருண்டையாகப் பிடித்து வைத்துக்கொண்டால், சுடுநீரில் ஒன்றை இட்டவுடன் அது கரைந்து மணம் பரப்பும். இன்று உலகெங்கும் கடைகளில் விற்கப்படும் இவ்வகை உருண்டையை 1989 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் மோ கொன்ஸ்டன்டைன் என்னும் அம்மையார் உருவாக்கினார். அங்கு அதனைக் குளியல் தொட்டியில் இடுவர். நம் வீடுகளிற் தொட்டி இல்லை என்று தயங்க வேண்டியதில்லை. கால் இரண்டும் அமிழக்கூடிய ஒரு பேசின் போதும்.

உருண்டை நுரைப்பது எவ்வாறு?

அப்பச்சோடாவும் (சோடியமிருகாபனேற்று) சித்திரிக்கமிலமும் உலர்ந்த நிலையில் ஒன்றோடொன்று கலந்திருந்தாலும் பெரிதும் மாற்றமடைவதில்லை. நீர் பட்டவுடன் அவை தாக்கமுற்று, காபனீரொட்சைட்டு வாயு குமிழியாக வெளிப்படும். அக்குமிழிகளே உருண்டையை உடைத்து மூலிகைத் தூளை நீரெங்கும் பரப்புகின்றன. நீரின் பெரும் பயன் அதன் சூட்டிலும், அவ்வேளை கால்கள் பெறும் ஓய்விலும் உள்ளது. மூலிகை மணத்தால் மனத்திற்கு இதமளிக்கும். நுரை நோய் தீர்க்கும் மருந்தன்று.

ஈரமே முதற் பகை

நீர் பட்டால் நுரைப்பது இதன் இயல்பு. ஆகவே, ஈரக்காற்றுப் பட்டாலும் உருண்டை சிறிது சிறிதாக நுரைத்துப் பொங்கி, வலுவிழந்துவிடும். பனிமூட்டமும் தென்மேற்குப் பருவமழையும் மிக்க நம் மலைகளில் இம்முயற்சி கெடுவதற்கு முதற் காரணம் இதுவே. தேயிலைத் தொழிற்சாலையை எண்ணிப் பாருங்கள். அங்கே கொழுந்தை வாட்டி, அரைத்து, சூளையில் உலர்த்தி, ஈரம் நூற்றுக்கு 3 பங்கு அளவிற்குக் குறைந்த பின்னரே பொதி செய்கின்றனர். அந்த விதியையே இங்கும் கைக்கொள்ளல் வேண்டும். சனவரி முதல் மார்ச்சு வரையுள்ள வறண்ட நாட்களில், வெயில் ஏறிய பின் செய்வது நன்று.

தேவையான பொருள்கள்

அப்பச்சோடா – 200 கிராம்
சித்திரிக்கமிலம் – 100 கிராம்
வறுத்து அரித்த அரிசி மா – 50 கிராம்
மூலிகைத் தூள் – 15 கிராம்
தேங்காயெண்ணெய் – 30 மில்லிலீற்றர்

இவ்வளவிற்குப் பெரிய தேசிக்காயளவில் ஆறு உருண்டைகள் கிடைக்கும். சித்திரிக்கமிலம், ஜாம், பழப்பாகு செய்வதற்காகப் பலசரக்குக் கடைகளில் விற்கப்படுகின்றது. அதற்கு ஈடாகத் தேசிக்காய்ச் சாற்றை விடலாகாது. சாற்றில் நீர் இருப்பதால் கலவை உடனே நுரைத்துப் பயனற்றுப் போகும். அப்பச்சோடாவிற்குப் பதிலாகச் சலவைச் சோடாவை ஒருபோதும் சேர்க்கலாகாது. அது தோலை அரிக்கும்.

மூலிகை

எலுமிச்சைப்புல் இதற்கு மிகவும் ஏற்றது. சரிவான நிலங்களில் வரம்போரமாக இதனை நெருக்கி நட்டால், மழைநீர் அடித்துச் செல்லும் மண்ணையும் தடுத்து நிறுத்தும். வீட்டிற்கு மூலிகையும் தரும். வெட்டிவேரும் அத்தன்மையதே. புதினாவும் சேர்க்கலாம். தோட்டங்களில் விறகுக்காக வளர்க்கப்படும் யூக்கலிப்டஸ் மரத்தின் இலை காரமுள்ளதாகையால், மூலிகைத் தூளில் ஐந்தில் ஒரு பங்கிற்கு மேற் சேர்த்தல் கூடாது. பூச்சிநாசினியோ களைநாசினியோ தெளித்த பாத்தியின் ஓரத்தில் வளர்ந்த இலையைப் பறிக்க வேண்டாம்.

இலைகளைக் கழுவி, நீரை வடியவிட்டு, காற்றோட்டமான நிழலில் பரப்புக. ஈரக்காற்று மிகுந்தால், இறுதியில் அடுப்பின் அணைசூட்டில் வைத்து உலர்த்துக. மடித்தால் வளையாமல் முறிந்தால் இலை பக்குவமாகிவிட்டது. பின்னர் இடித்து, மெல்லிய சீலையில் அரித்துக்கொள்க.

செய்முறை

1. மூக்கையும் வாயையும் துணியாற் கட்டிக்கொள்க. சித்திரிக்கமிலத் தூள் மூக்கிற் காந்தும். கையில் வெடிப்போ காயமோ இருந்தால் எரியும். ஆகையால் கையுறை அணிதல் நன்று.

2. ஈரமற்ற பாத்திரத்தில் அப்பச்சோடா, அரிசி மா, மூலிகைத் தூள் ஆகியவற்றைக் கட்டியின்றிக் கலந்து, இறுதியிற் சித்திரிக்கமிலத்தைச் சேர்க்க.

3. தேங்காயெண்ணெயை இளஞ்சூட்டில் உருக்கி, சிறிது சிறிதாக விட்டுப் பிசைக. கையில் இறுக்கிப் பிடித்தால் உதிராமல் நிற்கும் பதம் வேண்டும். உதிர்ந்தால் இன்னும் சிறிது எண்ணெய் விடலாம்; நீர் விடலாகாது.

4. சிறு கிண்ணத்திலோ உள்ளங்கையிலோ வைத்து இறுக்கி உருட்டுக.

5. உருண்டைகளை உலர்ந்த தட்டில் ஒருநாள் முழுதும் அசையாது வைக்க. தேங்காயெண்ணெய் சுமார் 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையும். ஆதலின் சமவெளியில் இளகிக் கிடக்கும் உருண்டை நுவரெலியாவின் குளிரில் தானே இறுகிவிடும். மலைக்காலநிலை நமக்குச் செய்யும் உதவி இது ஒன்றே.

6. இறுகிய பின் ஒவ்வொன்றையும் எண்ணெய்த் தாளிற் சுற்றி, மூடியுள்ள தகர டப்பாவில் இட்டு, அடுப்பிற்கு எட்டிய உலர்ந்த இடத்தில் வைக்க. ஈரமான கலவையைக் கண்ணாடிப் போத்தலில் அடைத்து இறுக மூடலாகாது. வாயு பெருகிப் போத்தல் வெடிக்கக்கூடும்.

பயன்படுத்தும் முறை

முதலிற் சேற்றையும் மருந்துத் துளிகளையும் சவர்க்காரமிட்டுச் சுத்தமான நீராற் கழுவுக. பூச்சிநாசினியை நீக்கும் ஆற்றல் உருண்டைக்கு இல்லை. பேசினில் ஐந்து லீற்றர் இளஞ்சூட்டு நீர் எடுத்து, ஓர் உருண்டையை மெல்லிய துணியில் முடிந்து இடுக. கால்களைக் கால் மணி நேரம் அமிழ்த்தியிருந்து, விரலிடுக்குகளை நன்கு துடைத்து உலர்த்துக. அப்பச்சோடா அதிகமானால் தோல் வறளும். கிழமைக்கு இருமுறை போதும். எண்ணெய் கலந்த நீர் சிந்தினால் தரை வழுக்கும். முதியோர் கவனமாயிருத்தல் வேண்டும். மிஞ்சிய நீரில் சோடியம் உள்ளமையால், அதனை மரக்கறிப் பாத்தியிலோ பீலிக்கரையிலோ ஊற்றாது வடிகானில் விடுக.

எச்சரிக்கை

நீரிழிவு நோயுடையோருக்குக் காலில் உணர்ச்சி குன்றியிருக்கலாம். அவர்களுக்காக நீரின் சூட்டை மற்றொருவர் முழங்கையாற் பார்த்துச் சொல்லுதல் வேண்டும். திறந்த புண் உள்ளவர் இதனைப் பயன்படுத்தலாகாது.

உருண்டை பார்வைக்கு இனிப்புப் பண்டம்போல் இருக்கும். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க. மணத்திற்காக யூக்கலிப்டஸ் தைலம் கலக்க எண்ண வேண்டாம். அதில் ஒரு தேக்கரண்டி உட்சென்றாலும் குழந்தையின் உயிருக்கு ஆபத்து நேரலாம்.

நெல் வயலில் இறங்குவோர் எலிக்காய்ச்சலை மறத்தலாகாது. 2008 ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000 பேருக்கு மேல் இந்நோய்க்கு ஆளானதாகக் கணிக்கப்பட்டது. எலியின் சிறுநீர் கலந்த சேற்றுநீர் காலிலுள்ள வெடிப்புகளின் வழியே நோயைப் புகுத்தும். மாலையில் எத்தனை உருண்டை கரைத்தாலும் இதனைத் தடுக்க முடியாது. வயலில் இறங்குமுன் தடுப்பு மருந்து பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறிக. காய்ச்சல், கடுந்தலைவலி, கெண்டைக்கால் நோவு, கண் சிவத்தல் என்பன தோன்றினால், கால் கழுவிக் காத்திராது அன்றே வைத்தியசாலைக்குச் செல்க.

நாள் முழுதும் உங்களைத் தாங்கும் கால்களுக்கு மாலையிற் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். அவ்வேளையில் வெடிப்பையும் புண்ணையும் நன்கு பார்த்துக்கொள்ளுங்கள். உருண்டையால் விளையும் நன்மைகளுள் அதுவே தலையாயது.