டியூபா வாங்கும் முன்: எந்தச் சுருதி?



எங்கள் பள்ளி இசைக்குழுவில் சேர்ந்த மாணவர் ஒருவர், உறவினர் வழியாக மலிவாகக் கிடைத்த பழைய டியூபா ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். நல்ல கருவிதான். ஆனால் அவர் 'பி ஃபிளாட்' என்று நினைத்து ஊதினால் 'சி' கேட்டது. விரலிலும் பிழையில்லை, கருவியிலும் பிழையில்லை. பள்ளியில் பழகியது ஒரு சுருதி, கைக்கு வந்தது வேறு சுருதி. அந்தச் சங்கடம் உங்களுக்கு வரவேண்டாம் என்றுதான் இந்த விளக்கம்.

1. சுருதி எதனால் மாறுகிறது?

குழாயின் நீளத்தால். நாதஸ்வரத்தை நினைத்துப் பாருங்கள்: நீளமான பாரி தாழ்ந்து ஒலிக்கும், குட்டையான திமிரி உயர்ந்து ஒலிக்கும். டியூபாவிலும் அதே விதிதான். வால்வு எதையும் அழுத்தாமல் ஊதும்போது கிடைக்கும் அடிப்படைச் சுரமே அதன் சுருதி.

2. நான்கு வகைகள்

• பி ஃபிளாட் (ஆறரைக் கட்டை): குழாய் சுமார் 18 அடி. நான்கிலும் தாழ்ந்தது. பள்ளி இசைக்குழுக்களில் அதிகம் காணப்படுவது.
• சி (ஒரு கட்டை): சுமார் 16 அடி. அமெரிக்க சிம்பொனி இசைக்குழுக்களில் பரவலானது.
• ஈ ஃபிளாட் (இரண்டரைக் கட்டை): சுமார் 13 அடி. பிரிட்டிஷ் பித்தளைக் குழுக்களில் பி ஃபிளாட்டுடன் சேர்ந்து ஒலிப்பது.
• எஃப் (நாலு கட்டை): சுமார் 12 அடி. 1835இல் பெர்லினில் காப்புரிமை பெற்ற டியூபா இந்தச் சுருதிதான். மேல் சுரங்கள் எளிதாக வருவதால் தனி வாசிப்புக்கு விரும்புவார்கள்.

3. உண்மையான சிக்கல் விரலில்

பள்ளி இசைக்குழுவில் டியூபாவுக்கான தாளில், ஒலிக்க வேண்டிய சுரமே எழுதப்பட்டிருக்கும். ஆகவே தாள் ஒன்று, விரல் வேறு. நடுப்பகுதி பி ஃபிளாட் சுரத்தை எடுத்துக்கொள்வோம். பி ஃபிளாட் டியூபாவில் வால்வு எதையும் அழுத்த வேண்டாம். சி டியூபாவில் முதல் வால்வை அழுத்த வேண்டும். பழைய விரலோடே சி டியூபாவை ஊதினால் பாட்டு முழுக்க ஒரு முழுச்சுரம் ஏறிவிடும். என் மாணவருக்கு நடந்தது இதுதான்.

பிரிட்டிஷ் பித்தளைக் குழுவில் வழி வேறு. அங்கே தாளையே சுருதிக்கு ஏற்ப மாற்றி எழுதுவதால், ஈ ஃபிளாட்டுக்கும் பி ஃபிளாட்டுக்கும் விரல் ஒன்றே.

4. எதைத் தேர்ந்தெடுப்பது?

• முதலில் பயிற்றுநரிடம் கேளுங்கள். குழுவில் எது இருக்கிறதோ, தொடக்கத்தில் அதுவே உங்களுக்கும் நல்லது.
• "நான் சின்ன ஆள், எஃப்தான் சரிவரும்" என்று முடிவுகட்டாதீங்க. பி ஃபிளாட்டிலேயே முக்கால் அளவுக் கருவி உண்டு. அதில் உடல்தான் சிறியது, சுருதி மாறாது.
• ஈ ஃபிளாட், எஃப் வாங்கினால் நான்காவது வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் கீழ்ச் சுரங்கள் சில கிடைக்காது.
• பழைய கருவி என்றால், விற்பவர் சொல்வதை மட்டும் நம்பவேண்டாம். வால்வைத் தொடாமல் ஊதி, சுருதிமானியில் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

சுருதியில் உயர்ந்தது, மட்டமானது என்று இல்லை. உங்கள் குழுவோடு சேருகிறதா என்பதே கேள்வி.

5. தேர்வு எழுதுவோருக்கு

மேலே நான்கு வகைகளையும் நீளம், பயன்படும் இடம் என்ற ஒரே அளவுகோல்களால் ஒப்பிட்டிருக்கிறோம், கவனித்தீர்களா? ஒப்பீட்டுக் கட்டுரையில் ஒன்றின் விலையையும் மற்றொன்றின் எடையையும் சொன்னால் அது ஒப்பீடு ஆகாது.

பயிற்சி: நீங்கள் அறிந்த இரண்டு இசைக்கருவிகளை மூன்று அளவுகோல்களால் ஒப்பிட்டு, 'ஆனால்', 'மாறாக', 'அதேபோல' ஆகிய சொற்களைப் பயன்படுத்தி ஒரு பத்தி எழுதுங்கள்.