சேற்று மலையில் ஜீப்புக்கு மறுபிறவி!

குறைந்த பணத்தில் என்ஜினைப் புதுப்பிப்பது எப்படி?

மலையில் ஜீப் என்றால் அது வெறும் வண்டி அல்ல. குடும்பத்தில் அதுவும் ஓர் ஆள்!

சேலம் மாவட்டம் ஏற்காடு வட்டத்தில் செம்மநத்தம் என்ற மலைக்கிராமம் இருக்கிறது. சேர்வராயன் மலையைச் சேர்ந்த ஊர் இது. இந்த மலையில் காப்பியும் மிளகும் விளைகின்றன. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் 1820-களில் இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்து நட்டார்.

அன்று முதல் இன்று வரை தோட்டக்காரர்களுக்கு ஒரு பாடு தீரவில்லை. தோட்டத்து மூட்டையைத் தார் ரோட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். மழை பெய்தால் தோட்டத்துப் பாதை சேறாகிவிடும். லாரி போக முடியாத அந்தப் பாதையில் ஜீப் போகும்.

அந்த ஜீப்பே இருமத் தொடங்கினால்?

ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். பழைய டீசல் ஜீப் ஒன்றுதான் அவர்களுக்குச் சோறு போடுகிறது. ஐப்பசி மழை கொட்டுகிறது. கார்த்திகை பிறந்தால் காப்பிப் பழம் பறிக்க வேண்டும். ஜீப்போ ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது. பின்னால் நீலப் புகை! புது வண்டி வாங்கப் பல லட்சம் வேண்டும். கையில் இருப்பதோ மனைவியின் வளையலை அடகு வைத்து வாங்கிய பணம்.

அந்தப் பணத்தை எதில் போடுவது? எதில் மிச்சம் பிடிப்பது?

பெரிய என்ஜின் வேண்டுமா?

அமெரிக்காவில் சேற்றில் வண்டி ஓட்டுவது ஒரு பந்தயம். அதற்காக ராட்சத என்ஜின்களைப் பூட்டுகிறார்கள். 1970-ல் வந்த செவர்லே என்ஜின் ஒன்றுக்கு 8 சிலிண்டர். அளவு சுமார் 7,400 சி.சி.!

நம் ஊர் ஜீப்பைப் பாருங்கள். இரண்டாவது உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் என்ஜின் 2,199 சி.சி. அதன் பலம் 60 குதிரைச் சக்தி. 1980-களில் வந்த மகிந்திரா டீசல் ஜீப்புகள் பலவற்றில் பிஜோ என்ஜின் இருந்தது. அது 2,112 சி.சி.தான்.

இவ்வளவு சிறிய என்ஜின் எப்படிச் சேற்றையும் ஏற்றத்தையும் வெல்கிறது? பெரிய பாறையைக் கடப்பாரையால் நெம்புகிறோம் அல்லவா? அதைப் போன்ற வேலையைத்தான் ஜீப்பின் கியர் செய்கிறது. என்ஜின் பல தடவை சுற்றினால் சக்கரம் ஒரு தடவை சுற்றும். வேகம் குறையும், இழுக்கும் பலம் கூடும். அந்தப் பலம் நான்கு சக்கரத்துக்கும் போகிறது.

ஆகவே புதிய பலம் தேடி அலைய வேண்டாம். இழந்த பலத்தை மீட்டால் போதும்!

நோய் என்ன?

காய்ச்சல் வந்தவுடன் யாரும் ஆபரேஷன் செய்வதில்லை. என்ஜினையும் உடனே பிரித்துப் போடக் கூடாது.

புகையே பாதி நோயைச் சொல்லிவிடும். நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். கரும்புகை வந்தால் காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகம் பாய்கிறது. என்ஜின் சூடான பிறகும் வெண்புகை நிற்காவிட்டால், தண்ணீர் உள்ளே கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஓடுகிற என்ஜினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்ப்பார்கள். அதன் வழியாகப் புகை குபுகுபுவென்று வந்தால், பிஸ்டன் ரிங்குகளோ சிலிண்டரோ தேய்ந்திருக்கலாம். சிலிண்டரின் அழுத்தத்தை மீட்டர் வைத்தும் அளக்கலாம். என்ஜின் சூடானதும் ஆயில் அழுத்தம் மிகவும் இறங்கினால் பேரிங்குகள் மீது சந்தேகம் வரும்.

சில சமயம் வால்வு வேலையோடு காரியம் முடிந்துவிடும். வளையலில் பாதி தப்பும்!

அளந்த பிறகே வாங்கு!

முழுவதும் பிரித்தே ஆக வேண்டும் என்றால், பிரிப்பதிலும் ஒழுங்கு வேண்டும். எந்தப் பாகம் எந்தச் சிலிண்டரில் இருந்தது என்று அடையாளம் போட வேண்டும். பேரிங் மூடிகள் இடம் மாறவே கூடாது. பழைய இடத்தில், பழைய திசையிலேயே அவற்றைப் பூட்ட வேண்டும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மலிவாகக் கிடைத்தது என்று பிஸ்டனை முதலில் வாங்கிவிடுகிறார்கள். சிலிண்டரை அளந்தால் அந்த அளவு ஒத்துவருவதில்லை. பணம் வீண்!

சரியான வரிசை இதுதான். முதலில் லேத் பட்டறையில் சிலிண்டரை அளக்க வேண்டும். எவ்வளவு கடைந்தால் தேய்மானம் போகும் என்று முடிவு செய்ய வேண்டும். அதற்கேற்ற பிஸ்டனை வாங்கி, அந்தப் பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டு சிலிண்டரைக் கடைய வேண்டும். லைனர் போட்ட என்ஜினில் லைனரையே மாற்றிவிடலாம்.

கிராங்க் தண்டுக்கும் இதே விதிதான். தேய்ந்த தண்டை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 10 பங்கு, 20 பங்கு என்று படிப்படியாகச் சாணை பிடிக்கிறார்கள். 10 பங்கு என்றால் கால் மில்லி மீட்டர்! அந்த அளவுக்கு ஏற்ற கனத்தில் புதிய பேரிங் கடையில் கிடைக்கும். கடைசி அளவும் தாண்டிவிட்டால் வேறு தண்டுதான்.

எதில் மிச்சம்?

பேரிங், ரிங், கேஸ்கெட், ஆயில் சீல், பில்டர். இந்த ஐந்திலும் கருமித்தனம் கூடாது. பழையதைத் திரும்பப் போட்டால் என்ஜினை மறுபடியும் பிரிக்க நேரும்.

ஆயில் பம்ப், கேம் தண்டு, வால்வு ஆகியவற்றை அளந்து பார்க்க வேண்டும். அளவு சரியாக இருந்தால் அவையே போதும். டீசல் பம்பையும் இன்ஜெக்டர்களையும் சோதித்துச் சரிசெய்தால் பெரும்பாலும் போதும்.

பெயிண்டு, பளபளப்பு எல்லாம் அறுவடைக்குப் பிறகு!

பாகங்களைக் கழுவுவது வீட்டார் செய்யக்கூடிய வேலை. கிராங்க் தண்டுக்குள் ஆயில் ஓடும் மெல்லிய துவாரங்கள் இருக்கின்றன. சாணை பிடித்த தூள் அவற்றில் தங்கினால் புதிய பேரிங் சீக்கிரமே பாழாகும். அவற்றைக் கம்பித் தூரிகையால் குத்தி, கழுவி, காற்றடித்து உலர்த்த வேண்டும்.

பிளாக் வெடித்திருந்தால் வேறு பழைய என்ஜின் வாங்குவதே லாபம். ஆனால் என்ஜினை மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீசில் பதிவுச் சான்றிதழில் அதைக் குறிக்க வேண்டும். இதை மறந்தால் பின்னால் தொல்லை.

எமன் எங்கே?

ஜீப் என்ஜினுக்கு எமன் யார்? சேறு என்பார்கள். அது பாதி உண்மை. சேறு காய்ந்து புழுதியாகும்போதுதான் ஆபத்து அதிகம்.

2,000 சி.சி. என்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றினால், சுமார் 2,000 லிட்டர் காற்றை உறிஞ்சுகிறது. 15 லிட்டர் பிடிக்கும் குடத்தில் அளந்தால் 130 குடத்துக்கு மேல்! இத்தனையும் ஒரே நிமிடத்தில்!

அந்தக் காற்றில் வரும் மணல் துகள் சிலிண்டர் இரும்பைவிடக் கடினமானது. உள்ளே போனால் ரிங்கையும் சிலிண்டரையும் உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும்.

இதைத் தடுக்கக் காவல்காரன் ஒருவன் இருக்கிறான். அவன்தான் காற்று வடிகட்டி. பழைய ஜீப்பில் அது ஓர் எண்ணெய்க் கிண்ணம். புழுதி எண்ணெயில் விழுந்து அடியில் தங்கும். அப்படிப் படிந்த சகதியைக் கழுவி, புதிய எண்ணெயைக் குறித்த கோடு வரை ஊற்ற வேண்டும். புழுதிப் பாதையில் ஓடும் வண்டிக்கு இதை அடிக்கடி பார்க்க வேண்டும். வடிகட்டிக்கும் என்ஜினுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தால் காவல் முழுவதும் வீண்!

ஓடையில் இறக்கும்போதும் எச்சரிக்கை தேவை. காற்றுக் குழாய் வழியாகத் தண்ணீர் போனால் என்ஜின் அந்த இடத்திலேயே உடையலாம். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

முதல் 500 கிலோ மீட்டர்

புதுப்பித்த என்ஜின் பச்சைக் குழந்தை மாதிரி. முதல் 500 கிலோ மீட்டர் வரை பாரம் குறைவாக ஏற்ற வேண்டும். டாப் கியரில் திணறவிடக் கூடாது. ஒரே வேகத்தில் மணிக்கணக்கில் ஓட்டவும் கூடாது. ரிங்கும் சிலிண்டரும் ஒன்றோடொன்று பழக வேண்டும். பிறகு ஆயிலையும் பில்டரையும் மாற்றிவிட வேண்டும். முதலில் தேய்ந்த இரும்புத் தூள் அதோடு வெளியே போய்விடும்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். புது என்ஜினின் பலத்தைக் காட்ட, முதல் நாளே மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அதில் விரட்டுவது வீரம் அல்ல!

வளையல் அடகுக் கடையிலிருந்து திரும்பி வர வேண்டும். அதற்கு அந்த ஜீப் பல அறுவடைகளைப் பார்க்க வேண்டும். லேத் பட்டறையில் கொட்டிய பணத்தைக் காப்பாற்றுவது எது? ஒரு கிண்ணம் எண்ணெயும், கால் மணி நேர வேலையும்தான்!