கோடி ரூபாய் காரின் விலை குறையும், ரிப்பேர் பில் குறையுமா? பழைய போர்ஷே கயென் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

செகண்ட் ஹேண்ட் கார் செயலியில் 'லக்சுரி எஸ்யூவி' என்று தேடினால் சில விலைகள் கண்ணை நிறுத்தும். புதிதாக வாங்கும்போது கோடியைத் தொட்ட வண்டி, பத்துப் பதினைந்து வருடம் கழித்து புதிய நடுத்தர எஸ்யூவி ஒன்றின் விலைக்கே நிற்கும். "அதே காசுக்கு போர்ஷேவே வாங்கலாமே" என்ற எண்ணம் யாருக்கும் வரும். முதல் வேலையில் நாலைந்து வருடம் ஓட்டி, கையில் கொஞ்சம் சேமிப்பும் நல்ல கிரெடிட் ஸ்கோரும் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரமாகவே வரும்.

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. குறைந்திருப்பது காரின் விலை மட்டும்தான். ஸ்பேர், லேபர், பதிவுக் கட்டணம் என்று அதை ஓட வைக்கும் செலவெல்லாம் இன்னும் கோடி ரூபாய் காரின் கணக்கிலேயே இருக்கின்றன. இதைப் புரிந்துகொள்ள போர்ஷே கயென் நல்ல உதாரணம். 2002-ல் அறிமுகமான இந்த கார் இருபது வருடத்துக்கு மேல் சாலையில் இருப்பதால், அதில் எது எப்போது பழுதாகும் என்பது உலகம் முழுக்க மெக்கானிக்குகளுக்கு ஓரளவு மனப்பாடம்.

ஏன் இவ்வளவு செலவு?

முதல் தலைமுறை கயென் டர்போவை எடுத்துக்கொள்வோம். 4.5 லிட்டர் வி8 இன்ஜின், இரண்டு டர்போ, 450 குதிரைத்திறன், இரண்டே கால் டன்னுக்கும் மேல் எடை. இவ்வளவு கனமான வண்டி 5.6 விநாடியில் 100 கி.மீ. வேகத்தை எட்டுகிறது. அதே வேகத்திலிருந்து அதை நிறுத்தவும் வேண்டும். அதனால் பிரேக், டயர், புஷ், சஸ்பென்ஷன் எல்லாமே பெரியவை, சீக்கிரம் தேய்பவை.

சாதாரண ஹேட்ச்பேக்கில் மூன்று அல்லது நான்கு ஸ்பார்க் பிளக் இருக்கும், இதில் எட்டு. இக்னிஷன் காயிலும் எட்டு. சிறிய காருக்கு மூன்று, நான்கு லிட்டர் ஆயில் போதும், இதற்கு எட்டு லிட்டர் அளவுக்குத் தேவை. பழுதே இல்லாத வழக்கமான சர்வீஸின் பில்லே இதனால் பெரிதாகத்தான் வரும்.

சின்ன குழாய், பெரிய பில்

முதல் தலைமுறை வி8 கயெனின் மிகப் பிரபலமான கோளாறு கூலன்ட் குழாய்கள். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தைக் கொண்டுபோகும் இந்தக் குழாய்கள், இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில், இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் இருக்கின்றன. இன்ஜினின் சூடான இடங்களில் அது ஒன்று. ஆனால் குழாய்கள் பிளாஸ்டிக்! வருடக்கணக்கில் வெந்து வெந்து மொறுமொறுப்பாகி ஒருநாள் விரிசல் விடும். கூலன்ட் அதே பள்ளத்தில் உள்ள ஸ்டார்ட்டர் மோட்டார் மேல் கொட்டும், பின்பக்கமாக வழிந்து கியர்பாக்ஸ் பக்கமும் போகும். கவனிக்காமல் ஓட்டினால் இன்ஜின் சூடேறி நிற்கும்.

பின்னர் இதற்கு அலுமினியக் குழாய்கள் வந்துவிட்டன. காரின் மொத்த விலையோடு ஒப்பிட்டால் அவை பெரிய தொகை இல்லை. ஆனால் அந்த இடத்துக்குக் கை போகவே மேலே உள்ள பாகங்களைக் கழற்ற வேண்டும். ஏறக்குறைய ஒரு முழு நாள் வேலை. பில்லில் பெரிய தொகை லேபருக்குத்தான் போகும்.

2007-ல் வந்த 4.8 லிட்டர் வி8 இன்ஜினிலும் கூலன்ட் தொல்லை தீரவில்லை. அங்கே குழாய்கள் பசை போட்டு ஒட்டப்பட்டிருந்தன. காலப்போக்கில் பசை விட்டுப்போய் குழாய் கழன்று வரும்.

காலுக்கடியில் தட்டும் சத்தம்

ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது சீட்டுக்குக் கீழே 'டம் டம்' என்று யாரோ சுத்தியலால் தட்டுவது போலக் கேட்டால், அது பெரும்பாலும் கார்டன் ஷாஃப்ட். முன்னால் இருக்கும் கியர்பாக்ஸிலிருந்து பின் சக்கரங்களுக்குச் சக்தியைக் கடத்தும் நீண்ட தண்டு இது. இதன் நடுவில் உள்ள பேரிங்கைத் தாங்கும் ரப்பர் கிழிந்தால் தண்டு ஆடி, அடித்தளத்தில் மோதும்.

நிறுவனம் அந்தப் பேரிங்கைத் தனியாக விற்கவில்லை. அங்கே போனால் முழு ஷாஃப்ட்டையே மாற்ற வேண்டும். வெளிச்சந்தையில் பேரிங்கும் ரப்பரும் தனியாகக் கிடைக்கின்றன, அனுபவமுள்ள மெக்கானிக் அதை மட்டும் மாற்றித் தருவார். கோளாறு ஒன்றுதான், ஆனால் எந்த வாசலில் நுழைகிறீர்கள் என்பதைப் பொறுத்து பில் பல மடங்கு மாறும். கயெனும் ஃபோக்ஸ்வாகன் டூவாரெக்கும் ஒரே அடித்தளத்தில் உருவானவை என்பதால், சில பாகங்களை டூவாரெக் பெயரில் குறைந்த விலைக்கு வாங்கவும் முடியும்.

காற்றும் தண்ணீரும்

ஏர் சஸ்பென்ஷன் உள்ள கயென்களில் ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்று நிரப்பிய ரப்பர் பைகள் வண்டியைத் தாங்குகின்றன. ரப்பருக்கு வயதானால் காற்று கசியும். கசிவை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடும், கடைசியில் அதுவும் படுத்துவிடும். ஒரு பையில் தொடங்கிய கோளாறை 'அப்புறம் பார்க்கலாம்' என்று விட்டால் கம்ப்ரஸர் செலவும் சேர்ந்துகொள்ளும்.

மழைக்காலத்தில் இன்னொரு பிரச்சினை. முன் கண்ணாடிக்குக் கீழேயும் சன்ரூஃபிலும் உள்ள வடிகால் குழாய்களில் இலைதழை அடைத்தால் தண்ணீர் காருக்குள் இறங்கும். இந்த காரின் பேட்டரியே முன் இருக்கைக்கு அடியில்தான் இருக்கிறது. தரை விரிப்பின் கீழ் வயர்கள் ஓடுகின்றன. நனைந்த எலக்ட்ரானிக்ஸ் உடனே செத்துப்போவதில்லை, மாதக்கணக்கில் ஒவ்வொன்றாக வினோதமான எச்சரிக்கை விளக்குகளைக் காட்டும். வெள்ளத்தில் நின்ற காரைத் துடைத்து விற்கும் ஆபத்தும் உண்டு என்பதால், விரிப்பைத் தூக்கிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

புதிய மாடல் வாங்கினால் தப்பிக்கலாமா?

ஓரளவுதான். 2010-ல் வந்த இரண்டாம் தலைமுறையில் டிரான்ஸ்ஃபர் கேஸ் பரவலாகப் பேசப்படும் கோளாறு. இன்ஜின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பகுதி இது. மெதுவாக ஓடும் வண்டியில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது உதறல் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். 2016 மார்ச்சில் பெடல் பேரிங்கின் கிளிப் தளர்ந்திருக்கலாம் என்று உலகம் முழுக்க சுமார் 4.09 லட்சம் கயென்கள் திரும்ப அழைக்கப்பட்டன. இத்தகைய ரீகால் வேலைகள் இலவசம். நீங்கள் பார்க்கும் காரில் அது முடிந்ததா என்பதை சேசிஸ் எண்ணைக் கொடுத்து சர்வீஸ் மையத்தில் கேட்கலாம்.

எல்லாவற்றையும்விடப் பயப்பட வேண்டியது முதல் தலைமுறை வி8-ல் சிலிண்டர் உட்சுவரில் விழும் கீறல். இந்த பிளாக்கில் இரும்பு லைனர் இல்லாததால் சாதாரண ரீபோர் வேலை எடுபடாது. குளிர் நாடுகளில்தான் இது அதிகம் என்றாலும், ஆயில் குறைவதும் இன்ஜினில் 'டிக் டிக்' சத்தம் வருவதும் ஒன்றாகச் சேர்ந்தால் பிளக் துளை வழியாகச் சிறு கேமரா விட்டுப் பார்த்துவிட வேண்டும்.

"இன்சூரன்ஸ் இருக்கே" என்பவர்களுக்கு

மேலே சொன்ன எதற்கும் வழக்கமான காம்ப்ரிஹென்சிவ் பாலிசி பணம் தராது. தேய்மானமும் மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் பழுதுகளும் அதில் சேராதவை. விபத்து என்றாலும், ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதமும், 10 ஆண்டு தாண்டிய காரின் உலோகப் பாகங்களுக்கு 50 சதவீதமும் தேய்மானமாகக் கழிக்கப்படும். இந்தக் கழிவைத் தவிர்க்கும் 'ஜீரோ டிப்ரிசியேஷன்' வசதி இவ்வளவு பழைய கார்களுக்குப் பொதுவாகக் கிடைப்பதில்லை.

இன்னொரு சிக்கல் ஐடிவி, அதாவது பாலிசியில் காருக்குப் போடப்படும் மதிப்பு. பழுதுபார்க்கும் செலவு இதில் 75 சதவீதத்தைத் தாண்டினால் காரை 'டோட்டல் லாஸ்' என்று கணக்கிடுவார்கள். ஐடிவி 1 கோடி இருக்கும்போது 15 லட்ச ரூபாய் சேதம் வெறும் ரிப்பேர். ஐடிவி 20 லட்சத்துக்கும் கீழே குறைந்தபின் அதே சேதம் காரின் கதையையே முடித்துவிடும். ஹெட்லைட், ஏர்பேக் விலை காரோடு சேர்ந்து இறங்கவில்லை என்பதுதான் காரணம்.

டெல்லி கார் ஏன் மலிவு?

டெல்லி-என்சிஆரில் 10 ஆண்டு கடந்த டீசல், 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கு எதிரான விதியை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அமலாக்கம் 2025-ல் நீதிமன்ற உத்தரவுகளால் மாறிக்கொண்டே இருந்தாலும், அந்தப் பயத்தில் வண்டிகள் விலை இறங்கி மற்ற மாநிலங்களுக்குப் போகின்றன.

அப்படி வாங்கினால் அந்த ஊர் ஆர்டிஓவின் என்ஓசி வேண்டும். 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் மறுபதிவும் அங்கே வரியும் கட்டாயம். கார் 15 வயதைத் தாண்டியதும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் இந்தக் கட்டணம் சாதாரண காருக்கு ₹5,000, இறக்குமதி காருக்கு ₹40,000. இங்கேயும் அரசு பார்ப்பது உங்கள் வாங்கும் விலையை இல்லை.

மாதம் எவ்வளவு?

ஒரு மாதிரிக் கணக்கு போடலாம். புதிதாக 1 கோடி இருந்த கார் இப்போது 20 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 5 லட்சம் கையிலிருந்து, மீதி 15 லட்சம் 12 சதவீத வட்டியில் 5 ஆண்டுக் கடன்.

• இஎம்ஐ: ₹33,367
• பெட்ரோல் (மாதம் 1,000 கி.மீ., லிட்டருக்கு 6 கி.மீ., லிட்டர் ₹100): ₹16,667
• சர்வீஸ், ரிப்பேர் ஒதுக்கீடு (புதிய விலையில் 3 சதவீதம், அதாவது வருடம் 3 லட்சம்): ₹25,000
• மொத்தம்: ₹75,034

இன்சூரன்ஸ், வரி இதில் இல்லை. உங்கள் எண்களை வைத்துப் போட்டால் தொகை மாறும். ஆனால் கவனிக்க வேண்டியது விகிதம்: இஎம்ஐ மொத்தச் செலவில் பாதிகூட இல்லை. கடன் கொடுக்கும் வங்கி உங்களிடம் பேசுவது அந்தப் பாதியை மட்டும்தான். ஒரு ஆறுதல், 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிப் பாகங்களுக்கான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துள்ளது.

சரி, அப்போ வாங்கவே கூடாதா?

அப்படிச் சொல்ல முடியாது. மேலே உள்ள கோளாறுகளில் பலவற்றுக்கு நிரந்தரத் தீர்வு இருக்கிறது. முந்தைய உரிமையாளர் அவற்றைச் செய்து, பில்லும் வைத்திருந்தால் அது நல்ல கார். கூடுதலாக இரண்டு லட்சம் கேட்டாலும் பில் கட்டு உள்ள காரையே எடுங்கள்.

• இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். விற்பவர் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள்.
• கூலன்ட்டின் இனிப்பான வாசனை வருகிறதா, கூலன்ட் குழாய்கள் அலுமினியமா, எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள்.
• இரவு முழுக்க நிறுத்திய காரின் நான்கு மூலைகளும் காலையில் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள்.
• போர்ஷேவுக்கான கண்டறியும் கருவி உள்ள இடத்தில் முழுச் சோதனை செய்யுங்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் அந்த காரை விட்டுவிடுங்கள்.
• உங்கள் ஊரில் இந்த காரைத் தொடத் தெரிந்த மெக்கானிக்கை முதலில் கண்டுபிடியுங்கள், காரை அப்புறம் தேடலாம்.

கடைசியாக, வாங்கிய அன்றே மூன்று, நான்கு லட்சம் ரூபாய் தனிக் கணக்கில் தொடாமல் இருக்க வேண்டும். கடன், முன்பணம் எல்லாம் போக அந்தத் தொகை கையில் நிற்கவில்லை என்றால், இந்த வருடம் இந்த கார் உங்கள் பட்ஜெட்டில் இல்லை.