எல்லைக் கதியாலும் கடைசித் தீர்வையும்

"செய்யிறதெல்லாம் செய்துபோட்டு, சாமியாரின்ர காதுக்குள்ள சொன்னால் சரியோ அண்ணை?"

மண்கும்பானில் பின்னேரத் தேத்தண்ணிக்கு வருகிற பக்கத்து வளவுக்காரரின் கேள்வி இது. வெள்ளைப்புற்றடிப் பிள்ளையாரின் திருவிழா ஒன்றையும் தவறவிடாதவர். வேதக்காரரான, அதாவது கத்தோலிக்கரான, எங்களைப் பற்றிச் சைவ அயலவருக்கு இருக்கிற சந்தேகங்களில் இதுதான் மூத்தது, நியாயமானதும்கூட. பனங்கட்டித் துண்டை நீட்டிவிட்டுப் பாவசங்கீர்த்தனத்திலிருந்து தொடங்கினேன்.

காதுக்குள் சொல்வது அதில் ஒரு பகுதிதான். முதலில் மனச்சாட்சியை ஆராய வேண்டும். செய்ததற்கு உண்மையாக வருந்த வேண்டும். இனிச் செய்வதில்லை என்று தீர்மானிக்க வேண்டும். சொன்ன பிறகு பரிகாரம் இருக்கிறது. சின்ன வயதில், 'அருள் நிறைந்த மரியே' மூன்று தரம் சொல்லிவிட்டு விளையாட ஓடிய எங்களுக்குப் பரிகாரம் என்றால் செபம் என்றே பதிந்துவிட்டது. வளர்ந்த பிறகும் பலருக்கு அது மாறவில்லை. திருச்சபையின் மறைக்கல்வியோ இன்னும் இறுக்கமானது. மன்னிப்பு பாவத்தைப் போக்கும்; பாவத்தால் வந்த சேதத்தைத் தானாகச் சரிசெய்யாது. களவெடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கெடுத்த பெயரை மீட்டுக் கொடுக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் இதை விளக்க ஒரு வேலி போதும். வேலி அடைக்கிற ஒவ்வொரு முறையும் எல்லைக் கதியாலை அரை அடி அயல்வளவுக்குள் தள்ளி நடுகிற ஒருவர் எந்த ஊரிலும் இருப்பார். ஒருநாள் அவர் மனம் வருந்தி மன்னிப்புக் கேட்கிறார். அயலவரும் "சரி, போகட்டும்" என்கிறார். கதியால் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது என்றால், அவர் கேட்டது மன்னிப்பில்லை, காணி உறுதி.

லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் 19ஆம் அதிகாரத்தில் சக்கேயு என்ற வரி வசூலிப்பவர் வருகிறார். பாதிச் சொத்தை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்புவதாகவும் சொல்கிறார். கதை நடக்கிற ஒழுங்கைக் கவனிக்க வேண்டும். இயேசு முதலில் அவர் வீட்டுக்குப் போகிறார். நாலு மடங்கு அதற்குப் பிறகுதான். கணக்கைத் தீர்த்துவிட்டு வா, பிறகு பார்க்கலாம் என்று வாசலில் நிறுத்தவில்லை. இரக்கம் முன்னால் வருகிறது. அது வந்து சேர்ந்ததற்கு அடையாளமாகக் கை தானாகப் பணப்பெட்டியைத் திறக்கிறது. இயேசுவுக்குப் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்வனுக்கோ திருப்பிக் கொடுக்க நேரமும் இல்லை, வழியும் இல்லை. அவனுக்கும் அன்றைக்கே பரலோக வாழ்வு என்ற வாக்குக் கிடைத்தது. மீட்பு சம்பாத்தியமல்ல என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

இதை மறந்து திருச்சபைக்காரரே கடை விரித்த காலமும் உண்டு. 1517இல் லூத்தர் எழும்பியது பாவமன்னிப்புச் சீட்டு வியாபாரத்தைப் பார்த்துத்தான். அந்தச் சண்டை, 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததோடு இங்கேயும் வந்தது. விசுவாசமா நற்செயலா என்று எத்தனை திண்ணைகளில் வாதாடியிருப்பார்களோ! 1999 ஒக்டோபர் 31இல் ஜேர்மனியின் ஆக்ஸ்பேர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன் உலக சம்மேளனமும் ஒரே கூற்றில் கையெழுத்திட்டார்கள். மனிதன் ஏற்றுக்கொள்ளப்படுவது கடவுளின் அருளால் மட்டுமே. நற்செயல் அதன் கனி. சில பிரசங்கங்களைக் கேட்டால், அந்தச் செய்தி எங்கள் தீவுக்கு வருகிற பண்ணைப் பாலத்தை இன்னும் தாண்டவில்லை போலிருக்கும்.

"எல்லாம் அருளெண்டால் தீர்ப்பு எதுக்கு? எங்களிட்டயும் வினையும் இருக்கு, திருவருளும் இருக்கு. ரெண்டையும் எப்பிடிச் சேர்க்கிறியள்?"

எங்களிடம் தீர்ப்பு இரண்டு தரம் என்றேன். இறந்தவுடன் ஒவ்வொருவருக்கும் தனித்தீர்வை. உலக முடிவில் எல்லோருக்கும் பொதுத்தீர்வை. ஒருதரம் தீர்த்ததை மறுபடியும் ஏன் தீர்க்க வேண்டும்? 13ஆம் நூற்றாண்டில் அக்குவினாஸ் தோமையார் இதற்குச் சொன்ன காரணம் எனக்குப் பிடிக்கும். மனிதன் சாகிறான், அவன் செய்தது சாவதில்லை. பிள்ளைகளிலும் மற்றவர்களின் நினைவிலும் அது தொடர்ந்து நடக்கிறது. கெட்டவன் நல்ல பெயரோடு நினைக்கப்படுவதும், நல்லவன் பழியோடு போவதும் உண்டு. ஆகவே எல்லோர் முன்னாலும் உண்மை ஒருநாள் வெளியே வந்தாக வேண்டும்.

தோமையார் இதைப் புத்தகத்தில் எழுதினார். எங்களுக்கு அது ஊர்ச் செய்தி. யாழ்ப்பாணத்திலிருந்து வரும்போது எங்களுக்கு முந்தின ஊர் அல்லைப்பிட்டி. 2006 ஓகஸ்ட் 13இல் அங்கே புனித பிலிப்புநேரியார் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த சனங்கள் மீது எறிகணைகள் விழுந்து பலர் செத்தார்கள். மிஞ்சியவர்களை ஊர்காவற்றுறைக்குக் கூட்டிப்போனவர் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார். ஒரு கிழமை கழித்து, ஓகஸ்ட் 20இல், அல்லைப்பிட்டிக் கடற்படைச் சோதனைச்சாவடிப் பக்கம் அவரும் உடன்போன ஒருவரும் கடைசியாகக் காணப்பட்டார்கள். இன்றுவரை பதிலில்லை. 1990இல் இராணுவம் தீவுகளுக்குள் வந்தபோது மண்டைதீவு, அல்லைப்பிட்டி, மண்கும்பான் பக்கத்தில் பிடித்துப் போகப்பட்டுத் திரும்பாத பொடியன்களின் தாய்மாரில் பலர் பதிலறியாமலே கண்மூடிவிட்டார்கள்.

இந்தத் தாய்மாரிடம் போய்ப் பொதுத்தீர்வை பயங்கரமானது என்று பிரசங்கம் வைத்தால் அவர்களுக்கு விளங்காது. அவர்கள் காத்திருப்பதே அதற்குத்தான். எரிநரகப் படத்தைக் காட்டிப் பிள்ளைகளைப் பயமுறுத்திய பழக்கம் எங்களிடம் இருந்தது. கடவுளின் தீர்ப்பு நல்ல செய்தி என்பது அதில் மறைந்தே போயிற்று. மத்தேயு 25ஆம் அதிகாரத்துத் தீர்ப்பில் கேட்கப்படுவதும் பசித்தவனுக்குச் சாப்பாடு கொடுத்தாயா, சிறையிலிருந்தவனைப் போய்ப் பார்த்தாயா என்பதுதான். எந்தக் கோயிலுக்குப் போனாய் என்ற கேள்வி அதில் இல்லை. இதைச் சொன்னபோது அயலவர் கொஞ்சம் சிரித்தார்.

"சரி, கொன்றவன் மனந்திரும்பினால்?"

உண்மையாகத் திரும்பினால் அவனுக்கும் கதவு திறக்கும். திருச்சபை எத்தனையோ பேரைப் புனிதர் என்று அறிவித்திருக்கிறது. இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று ஒருவரையும் அறிவித்ததில்லை, யூதாசைக்கூட. நரகம் உண்டு என்கிறது, ஆளைக் காட்டுவதில்லை.

"அது அநியாயம்" என்றார். எனக்கும் சில நாட்களில் அப்படித்தான் தோன்றும். ஆனால் மன்னிக்கப்பட்டவனுக்கும் உத்தரிக்கிற ஸ்தலம் இருக்கிறது. அங்கே தான் செய்ததை, பட்டவர்களின் பக்கத்திலிருந்து முழுதாகப் பார்த்துத் துப்புரவாக வேண்டும் என்றுதான் நான் விளங்கிக்கொள்கிறேன். நவம்பர் 2இல் சேமக்காலையில் மெழுகுதிரி கொளுத்தி நாங்கள் மன்றாடுவது அப்படிப்பட்ட ஆன்மாக்களுக்காக. அதில் எங்கள் ஆட்களும் இருப்பார்கள், அவர்களைக் கொன்றவர்களும் இருக்கலாம்.

அப்படிக் கொன்ற ஒருவன் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தால் சாமியார் அதை ஒருவருக்கும் சொல்ல முடியாது. அரசிடம் சரணடைந்தால்தான் மன்னிப்பு என்று நிபந்தனை போடவும் முடியாது என்று 2019இல் வத்திக்கான் விளக்கியிருக்கிறது. அதை நான் ஏற்கிறேன். ஆனால் பிடித்துக்கொண்டு போனவர்களை எங்கே புதைத்தோம் என்று சொல்ல, சரணடையத் தேவையில்லை. பெயரும் முகவரியும் எழுதாமல், எந்தக் கிணறு, எந்தக் காணி, எத்தனை பேர் என்று ஒரு தாளில் எழுதித் தபாலில் போடலாம். அதைக்கூடச் செய்யாதவன் தான் மனந்திரும்பிவிட்டதாகச் சொன்னால் நான் நம்பமாட்டேன்.